உளவளத்துணை நாடும் இளைஞருக்கு

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இன்று பேசுமாறு எமக்குத் தரப்பட்ட தலைப்பு "இளைஞரும் மனவுறுதியும்" என்பது. அத்தலைப்பிற் பேசுவது எளிது. நாலு பெரியோர் பெயரைச் சொல்லி, இரண்டு பழமொழியை எடுத்துவிட்டு, "எழுமின், விழிமின்" என்று முடித்தால் சபை கைதட்டும். ஆனால் அந்த மனவுறுதி ஒருநாட் கையைவிட்டுப் போய்விட்டால், மறுநாட் காலையில் எங்கே போவது, யாரைக் காண்பது, போன இடத்தில் என்ன நடக்கும் என்பதை எமக்கு எந்த மேடையிலும் எவரும் சொல்லித் தந்ததில்லை. ஆதலாற் செயலாளரின் சம்மதத்தோடு அதையே பேச எண்ணினோம்.

ஒன்றை முதலிலேயே ஒளியாமற் சொல்லிவிடுகிறோம். இது புத்தகத்தில் வாசித்தது மாத்திரமன்று. நாமே போய்வந்த வழி. இச்சபையில் எம்முடைய மாமன்மாரும் மாமிமாரும் இருக்கிறீர்கள். நாளைக்கு எமக்குச் சம்பந்தம் பேச வரக்கூடியவர்களும் இருக்கலாம். நாக்கு இரண்டுதரம் பின்வாங்கியது உண்மை. ஆயினும் எம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஒருவன் இத்தகைய இடத்துக்குப் போகாமலே இருந்துவிட்டான். அவனைப்பற்றி இதற்குமேற் பேச அவன் வீட்டாரின் அனுமதி எமக்கில்லை.

எமக்கு நேர்ந்தது இது. பல்கலைக்கழகப் பரீட்சைக்காக வந்தாறுமூலைக்குப் போகும் வழியிற் கல்லடிப் பாலத்தின் நடுவே பஸ் நெரிசலில் நின்றது. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது; மூச்சு முட்டியது; விரல்நுனிகள் மரத்தன; இதோ உயிர் போகிறது என்றே நம்பினோம். பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் சோடா வாங்கித் தந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "இருதயம் நல்லாயிருக்கு தம்பி" என்றார்கள். அடுத்த மாதம் மறுபடியும். மூன்றாந்தரம் போனபோது ஓர் இளம் டாக்குத்தர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, வீட்டைப் பற்றியும் நித்திரையைப் பற்றியும் கேட்டார். பின்பு மனநலக் கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். அத்துண்டை நாலாக மடித்துப் பேர்சுக்குள் வைத்தபடி இரண்டு மாதம் திரிந்தோம். பாலத்தை விட்டு ஓடவும் முடியாது. எழுவான்கரையிற் பிறந்தவனுக்கு ஊரை விட்டு வெளியேறப் பாலம்தானே வழி!

துண்டை ஏன் ஒளித்தோம்? "அங்கொடைக்கு ஏத்தவேணும்" என்பது எங்கள் பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்தில் நாமே மற்றவனைப் பார்த்துச் சொன்ன ஏச்சு. அந்த ஏச்சு இப்போது எமது சட்டைப் பையில் இருந்தது.

அம்மா எம்மை முதலிற் கூட்டிப் போனது அம்மன் கோயிலுக்கு. இதைப் பகிடியாகச் சொல்லவில்லை. தெய்வம் ஏறி வாக்குச் சொன்ன அந்த அம்மா எம் கையைப் பிடித்தபடி, எம்மைப் பாராமல் எமது தாயைப் பார்த்து, "தண்ணிக்குப் போன பிள்ளை ஒண்டு இந்த வீட்டில இன்னும் இரிக்கு" என்றார். 2004 மார்கழி 26இல் எங்கள் அக்கா ஐந்து வயதிற் கடலோடு போனவர். நாம் அப்போது கைக்குழந்தை. அவரின் முகம் எமக்கு ஒரு படத்தில்தான் தெரியும். வீட்டில் அவர் பெயரை எடுப்பதில்லை. அன்றிரவு கோயில் வீதியில் அம்மா வாய்விட்டு அழுததை நாம் வாழ்நாளில் முதன்முறையாகக் கண்டோம்.

அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் என்னும் பெண்மணி, 1990களில், போர் நடந்த காலத்திலேயே மட்டக்களப்பிற் தங்கி, இந்த வாக்குச் சொல்லுவோரைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பிள்ளை பிடிபட்டுப் போய்த் திரும்பாத தாய்மார், கச்சேரியிலும் முகாமிலும் கிடைக்காத விடையைத் தேடி அம்மன் வாசலுக்கு வந்தார்கள். வாய்திறக்க முடியாத காலத்தில் அவர்களின் துயரத்துக்கு வாய் கிடைத்த இடம் அது என்பது அவரது கருத்து. எமது தாய்க்கு அன்று கிடைத்ததும் அதுவே என்று நம்புகிறோம். ஆனால் பாலத்தில் எமது நெஞ்சு அடிப்பது நிற்கவில்லை. கோயில் கொடுத்தது கோயிலுக்குரியது. இது வேறு வேலை.

நாம் படித்தது மிஷன் பள்ளிக்கூடம். கத்தோலிக்கப் பொடியன்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று, ஐந்து நிமிடத்தில் முகம் தெளிந்து வெளியே வருவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுண்டு. உளவளத்துணையும் அப்படித்தான் என்று எண்ணிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே பாவமன்னிப்பு இல்லை, வாக்கும் இல்லை. விடையைச் சொல்லாமற் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பவரை முதல் நாளிற் கண்டு எமக்குக் கோபமே வந்தது.

இனி, யார் யார் என்பதைப் பிரித்தறிய வேண்டும். எங்கள் ஊரில் எல்லோரையும் "கவுன்சிலிங்காரர்" என்று ஒரே சாக்கிற் போட்டுக் கட்டிவிடுகிறோம். மனநல மருத்துவர் என்பவர் வைத்தியப் படிப்பு முடித்து, அதன்மேல் மனநோயியலிற் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதும் அதிகாரம் உடையவர். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே பணம் கேட்பதில்லை. ஆதார வைத்தியசாலைகளில் மனநலத்துக்கென மருத்துவ அதிகாரிகளை அமர்த்தும் ஒழுங்கும் உண்டு. உளவியலாளர் என்பவர் உளவியலைப் பட்டமாகவும் அதற்கு மேலும் படித்துப் பேச்சின் மூலம் சிகிச்சை செய்பவர், மருந்து எழுதமாட்டார். உளவளத்துணையாளர் என்ற பெயரிலேதான் சிக்கல். அப்பெயரின்கீழ் இரண்டு வருடம் மேற்பார்வையோடு பயின்றவரும் இருப்பார்; மூன்று நாட் கருத்தரங்கிற் சான்றிதழ் எடுத்தவரும் இருப்பார். டாக்குத்தருக்கு மருத்துவச் சபைப் பதிவு இருப்பதுபோல அப்பெயருக்கு இறுக்கமான காவல் இல்லை. ஆகவே விசாரிக்கும் பொறுப்பு நம்முடையது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பல குடும்பங்களுக்கு அதுவே பஸ் காசு இல்லாமல் நடந்து போகக்கூடிய வாசல்.

பல்கலைக்கழகத்தில் மாணவ ஆலோசகர்கள் உண்டு. அவர்கள் விரிவுரையாளர்களே. அன்பானவர்கள், விடுதிப் பிரச்சினைக்கும் பரீட்சைப் பிரச்சினைக்கும் அவர்களை நாடலாம். ஆனால் எமது விடைத்தாளைத் திருத்துபவரிடமே எமது உள்ளத்தையும் திறந்து வைப்பது கடினம். அது அவர்களின் குற்றமுமன்று.

நாம் முதன்முதற் போனது ஒரு தனியாரிடம். பெயரும் இடமும் வேண்டாம். சுவர் நிறையச் சான்றிதழ்கள் தொங்கின. நாம் இரண்டு வசனம் சொல்லுமுன் அவர் இருபது வசனம் சொன்னார். "உம்மைவிடக் கஷ்டப்பட்ட பிள்ளைகள் எவ்வளவோ" என்று தொடங்கி, இன்னொரு பிள்ளையின் கதையை, ஊரும் தகப்பனின் தொழிலும் விளங்கும்படி விபரமாகச் சொன்னார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை, பெரியவர் முன்னால் எழுந்து போவது மரியாதையன்று என்று இருந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மாமா வீட்டுக்கு வந்து, "என்ன மருமகன், பாலத்துக்குப் பயமாமே?" என்று கேட்டார். அதன்பின் நாலு மாதம் நாம் ஒருவரிடமும் வாய்திறக்கவில்லை. அந்த நாலு மாதந்தான் எல்லாவற்றிலும் மோசமான காலம்.

ஆகவே முதற்சந்திப்பிற் கேட்க வேண்டிய கேள்விகளை நாம் பட்டுத் தெரிந்தபடி சொல்லுகிறோம். எங்கே, எவ்வளவு காலம் பயின்றீர்கள்? உங்களுக்கு மேற்பார்வை செய்பவர் ஒருவர் இருக்கிறாரா? நான் சொல்வதை யாருக்குச் சொல்லுவீர்கள், எப்போது சொல்லுவீர்கள்? என்னைப்போன்ற பிரச்சினைக்கு என்ன செய்வீர்கள்? காசு எவ்வளவு? வயதில் மூத்தவரிடம் இப்படிக் கேட்பது எங்கள் வளர்ப்புக்கு ஒவ்வாதுதான். ஆனால் நல்லவர் இக்கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். கோபித்தால் அதுவே விடை. அன்றியும், மற்றவர் கதையை உம்மிடம் சொல்லுபவர் உமது கதையையும் மற்றவரிடம் சொல்லுவார். சாதியையும் சமயத்தையும் முதற்கேள்வியாகக் கேட்பவர், "ஆறு தரம் வந்தால் முற்றாக மாற்றித் தருவேன்" என்று உத்தரவாதம் கொடுப்பவர், கதவைப் பூட்டிவிட்டு உடம்பிற் கைவைப்பவர்: இவர்களிடமிருந்து விலகி வருவதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பெண்பிள்ளைகள் பெண் துணையாளர் வேண்டுமென்று கேட்பதும் முறையே.

பின்பு ஒரு சிநேகிதன் எமது துண்டைப் பேர்சிலிருந்து எடுத்து விரித்து, தானே கிளினிக்குக்கு வந்து வாங்கில் எம்மோடு இருந்தான். அங்கே கிளினிக் கொப்பி ஒன்று போட்டார்கள். மருத்துவர் சிறிது நேரந்தான் கதைத்தார்; வெளியே வாங்கு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். ஆனால் அவர் எமக்கு நடந்ததன் பெயரைச் சொன்னார். அதுவே பாதிப் பாரத்தை இறக்கியது. பயம் வரும்போது உடம்பில் அட்ரீனலின் சுரக்கிறது, இருதயம் விரைகிறது, மூச்சு வேகமாகி இரத்தத்திற் கரியமிலவாயு குறைகிறது, அதனாற் கைவிரல் மரத்துத் தலை சுற்றுகிறது. புலியைக் கண்டால் ஓடுவதற்கென உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு, புலி இல்லாத பாலத்தில் வேலை செய்துவிட்டது. அதனால் உயிர் போகாது. கொஞ்ச நேரத்தில் உச்சிக்கு ஏறித் தானாகவே இறங்கும். இவ்வளவையும் பத்தாம் வகுப்பு விஞ்ஞானத்திலேயே எமக்குச் சொல்லியிருக்கலாம்.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். எல்லோருக்கும் மருந்து வேண்டியதில்லை. எமக்குச் சில மாதம் வேண்டியிருந்தது. மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் கொடுக்கும் குளிசைகள் பல, போட்ட அன்றே வேலை செய்யா; இரண்டு முதல் நாலு வாரம் செல்லும். முதல் வாரத்தில் வயிற்றுப்பிரட்டு வந்ததும் நிறுத்திவிடுபவரே அதிகம். சுகமாயிற்று என்று திடீரென நிறுத்துவதும் பிழை. எதையும் டாக்குத்தரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

மருத்துவர் எம்மை ஒரு துணையாளரிடம் அனுப்பினார். முதல் நாள் என்ன நடந்தது? ஒரு சிறிய அறை, இரண்டு கதிரை, ஒரு மின்விசிறி. கதவு சாத்தப்பட்டது. அவர் முதலிற் சொன்னது, "நீங்கள் சொல்வது இந்த அறைக்குள் இருக்கும், உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று எனக்குப் பட்டாலும், ஒரு சிறுபிள்ளைக்குத் தீங்கு நடப்பதாகத் தெரிந்தாலும் மாத்திரம் வெளியே சொல்ல வேண்டிவரும், அப்போதும் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டே செய்வேன்" என்பது. முந்தியவர் இந்த ஒரு வசனத்தைச் சொல்லவில்லை. பிறகு சாப்பாடு, நித்திரை, வீடு, படிப்பு, மதுபானம் என்று சாதாரணக் கேள்விகள். ஏறக்குறைய ஐம்பது நிமிடம். அழுகை வரவில்லையே என்று நாம் வெட்கப்பட்டோம். அழவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லையாம். வெளியே வந்தபோது ஒன்றும் நடக்காததுபோல இருந்தது. அன்றிரவு களைப்பு, அடுத்த நாள் சற்று மோசமாகவும் இருந்தது. இது வழமை என்று முன்னரே சொல்லியிருந்தபடியாற் பயப்படவில்லை.

காள் றொஜர்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1957இல் எழுதிய ஒரு கட்டுரையில், துணை செய்பவரிடம் இருக்க வேண்டியவை பற்றிச் சொன்னவற்றுள் மூன்று பெரிதும் பேசப்படுபவை: போலியின்மை, எவ்வித நிபந்தனையுமற்ற மதிப்பு, பிறர் நிலையை அவர் இடத்தில் நின்று உணர்தல். அதற்குப்பின் வந்த ஆராய்ச்சிகள் பலவும், எந்த முறையைக் கையாண்டாலும் இருவருக்குமிடையே உள்ள உறவின் உறுதி பயனோடு தொடர்புடையது என்றே காட்டுகின்றன. ஆதலால் நாலைந்து சந்திப்பின் பின்னும் "இவர் என்னை விளங்கிக்கொள்ளவில்லை" என்று பட்டால், அதை அவரிடமே சொல்லிப் பார்க்கலாம். சரிவராவிட்டால் வேறொருவரிடம் போகலாம். மொழியும் முக்கியம். எமது துணையாளர் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கதைத்தார். "அந்தரம்" என்று நாம் சொன்னால் அதற்கு விளக்கம் கேட்காதவர் வேண்டும்.

எங்கள் வேலை பெரும்பாலும் பாலத்தைப் பற்றியதே. முதல் வாரம் பாலத்தின் தலைப்பில் நின்று வாவியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பின்பு 1924இல் திறந்த அந்தப் பழைய பாலத்தின் கால்வாசித் தூரம் நடை, பின்பு பாதி. நெஞ்சு அடித்தால் ஓடக்கூடாது. அது இறங்கும்வரை நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் சென்றது என்று கொப்பியில் எழுத வேண்டும். இறால் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் மூன்றாம் நாள், "என்ன தம்பி, மீன் பாடுறதைக் கேக்க வந்தீங்களா?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டோம். ஏழாவது கிழமை பஸ்ஸில், யன்னலோரத்தில் இருந்து, அக்கரை சேர்ந்தோம்.

அக்காவைப் பற்றிய பேச்சு எப்போது வந்தது என்று கேட்பீர்கள். ஒன்பதாவது கிழமையில், நாமாகவே எடுத்தோம். துணையாளர் தோண்டவில்லை. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் எமது தாய் உளவளத்துணை என்ற சொல்லைக் கேட்டதுமே முகத்தைத் திருப்பியதன் காரணம் இதிலேதான் இருக்கிறது.

கடல் வந்த பிறகு அம்மா இருந்த நலன்புரி முகாமுக்குப் பல நிறுவனத்தார் வந்தார்களாம். ஒரு மாதத்துக்குள் மூன்று கூட்டம், ஒவ்வொன்றும் "நடந்ததைச் சொல்லுங்கோ, சொன்னாற் பாரம் குறையும்" என்று சொல்லி, அக்கா கைநழுவிய கதையை முதலிலிருந்து கேட்டு எழுதியதாம். "எழுதி எழுதிக் கொண்டு போனாங்க மனே. திரும்பி ஒருத்தரும் வரல்ல" என்றார் அம்மா. அம்மாவின் பேச்சிலே நியாயம் உண்டு. அனர்த்தம் நடந்த கையோடு, ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லச் செய்யும் முறையை ஆராய்ந்த கொக்ரேன் மீளாய்வு 2002இலேயே, அது பின்விளைவைத் தடுப்பதாகத் தெரியவில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்று முடிவு கூறியிருந்தது. அக்காலத்தில் மட்டக்களப்பில் மனநல மருத்துவராயிருந்த ம. கணேசன் அவர்களும், வெளியிலிருந்து வெள்ளமாக வந்த உளசமூக உதவியைப் பற்றிய தம் கவலைகளை 2006இல் ஒரு சர்வதேச மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். அதற்கு நேர்மாறான முயற்சியும் எங்கள் ஊரிலேயே நடந்தது. 1996இல் இயேசு சபைக் குருவான அருட்தந்தை போல் சற்குணநாயகம், கனடாக் கலைஞர் போல் ஹோகன் முதலியோர் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரிற் பட்ட தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டிவந்து, களிமண்ணும் வர்ணமும் கொடுத்து விளையாட விட்டார்கள். கதை வந்தால் வரட்டும் என்று பொறுத்திருந்தார்கள்.

பொறுத்திருப்பவரே நல்ல துணையாளர் என்பது எமது அபிப்பிராயம். அம்மா இன்னும் போகவில்லை. நாம் கட்டாயப்படுத்தவுமில்லை. ஆனால் போன மார்கழியில், அக்காவின் படத்துக்கு மாலை போடும்போது, அக்காவுக்குக் கச்சான் அல்வா என்றால் உயிர் என்று எமக்கு முதன்முறையாகச் சொன்னார்.

சில நடைமுறைக் காரியங்களைச் சொல்லி அமர்கிறோம். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்தாற் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். 1974இல் தொடங்கிய சுமித்ராயோ என்னும் தொண்டர் அமைப்பும் இத்தகையோரின் பேச்சுக்குச் செவிகொடுத்து வருகிறது. தற்கொலைக்கு முயன்றவரைப் பொலிசார் வழக்கில் மாட்டுவார்கள் என்று ஒளித்து வைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அச்சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது, அது குற்றமன்று. "அப்படி ஓர் எண்ணம் இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பயப்படவும் வேண்டாம். நாம் எமது வாங்குத் தோழனிடம் அதைக் கேட்கவில்லை.

கிளினிக்குக்கு முதல்நாட் போகத் துணை வேண்டுமென்றால் நாம் வருவோம். வாங்கில் இருந்து பழகியவர்கள். கேள்விகளைச் சபையிற் கேட்க வேண்டியதில்லை. கூட்டம் முடிந்தபின் பின்பக்கத்தில், தேநீர் வைத்திருக்கும் மாமரத்தடியில் நிற்போம்.